நாலாம் குளத்து நூற்றுநாற்பது

பறவை நோக்கர் கழகத்திலிருந்து வந்த கடிதத்தை அவள் மூன்று முறை படித்தாள். முதல் முறை நின்றுகொண்டு, இரண்டாம் முறை உட்கார்ந்துகொண்டு, மூன்றாம் முறை உறையை முழுசாகக் கிழித்து உள்ளே வேறு ஏதாவது தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

ஒன்றும் இல்லை. அந்த ஒரு தாள்தான்.

"ஏப்ரல் 12 காலை 5.50 மணிக்கு நான்காம் குளத்தில் வளைமூக்கு உள்ளான் 140 கண்டதாகத் தாங்கள் அளித்த பதிவு புனைவு எனக் கருதப்படுகிறது. அந்நேரத்தில் குளத்தின் வெளிக்கரையில் நின்றிருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் அவ்வகைப் பறவை ஒன்றையும் காணவில்லை. தாங்களும் அந்நேரத்தில் குளக்கரையில் இல்லை எனத் தங்கள் பணியிடத்திலிருந்தே தகவல் கிடைத்துள்ளது. எனவே தங்களது பதினோரு ஆண்டுப் பதிவுகள் அனைத்தையும் நீக்குவது குறித்து வரும் ஞாயிறன்று முடிவு செய்யப்படும். விரும்பினால் நேரில் வந்து விளக்கம் தரலாம்."

"விரும்பினால்னு போட்டிருக்கான் பாருங்க" என்றாள் கணவனிடம். "திருடின்னு முடிவு பண்ணிட்டு, விருப்பம் இருந்தா வந்து சொல்லுன்றான்."

கணவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். அன்றைய சவாரி முடிந்து வந்து காலை நீட்டியிருந்தான். "மூத்த உறுப்பினர்னா அந்தக் கண் டாக்டர்தானே?"

"வேற யாரு?"

"பணியிடத்துலேர்ந்து தகவல்னா?"

அவள் அவனையே பார்த்தாள். அவனுடைய பஸ் தினம் இரண்டு தடவை கண் டாக்டரின் மருத்துவமனை வாசலைத் தாண்டித்தான் போகிறது.

"ஏய், என்ன அப்படிப் பாக்குற? நான் பஸ்ஸ நிறுத்தி உன்னப் போட்டுக் குடுத்துட்டு வந்தேனாக்கும்! உள்ள நாப்பது குழந்தைங்க கத்துதுங்கம்மா, எனக்கு என் பேரே மறந்து போகுது."

சந்தேகம் அவளுக்குப் புதிது இல்லை. காய்கறிக்காரர் தராசைப் போட்டால் முள் நிற்கும்வரை கண்ணை எடுக்க மாட்டாள். மருந்துக் கடையில் தேதி பார்க்காமல் ஒரு மாத்திரை வாங்கியதில்லை. ஆனால் அந்தச் சந்தேகமெல்லாம் அவளிடமிருந்து வெளியே போகிற சந்தேகம். வெளியிலிருந்து அவளை நோக்கி வந்த சந்தேகம் இதுதான் முதல். செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி இருந்தது.

அவள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருஷம். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு மறந்துவிடுகிற தண்ணீர் அங்கே வந்து சேரும். கம்பி வலையில் குப்பை வடிந்து, தொட்டிகளில் சேறு இறங்கி, கடைசியில் ஆறு குளங்களில் தெளியும். அந்தக் குளங்களின் சேற்று ஓரத்தில் புழு கொழுத்துக் கிடக்கும். புழுவைத் தின்னப் பறவைகள் வரும். தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே முட்டையிடப் போகிற கூட்டம் வசந்தத்தில் ஒரு வாரம், சில சமயம் ஒரே ஒரு காலை, அங்கே இறங்கி வயிற்றை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடும்.

இவளுக்குப் பறவை மேல் ஈடுபாடு வந்தது ரசனையால் இல்லை, கோபத்தால்.

பதினோரு வருஷம் முன்பு ஒரு விடியற்காலை, கூட வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் இரண்டாம் நம்பர் மோட்டாரைத் தொட்ட இடத்திலேயே விழுந்து செத்துப்போனான். இரண்டு சின்னக் குழந்தைகளின் தகப்பன். மறுநாள் நிலையம் முழுக்க ஒரே பேச்சு: மூன்று நாளாக ஏதோ ஒரு பறவை குளத்தின் மேல் மூன்று தடவை, மூன்று தடவையாகக் கத்திக்கொண்டு போனது, அது சாவுக்குரல். மேற்பார்வையாளரும் தலையை ஆட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்? மோட்டாருக்கு எர்த் வயர் இல்லை என்று செத்தவன் எழுதிக் கொடுத்த தாள் அவர் மேஜையில்தான் எட்டு மாதமாகக் கிடந்தது. பழியைத் தூக்கிக்கொண்டு பறக்க ஒரு பறவை கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

இவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. எந்தப் பறவை அது என்று தேடினாள். நூலகத்தில் படப் புத்தகத்தை எடுத்து, குளக்கரையில் நின்று, ஒரு மாதம் பார்த்தாள். பச்சைக்காலி. நீண்ட பச்சைக் கால், சாம்பல் முதுகு. பறக்கும்போது மூன்று முறை கூப்பிடுவது அதன் வழக்கம். நான்கு முறை கத்தத் தெரியாத குற்றத்துக்காக அதன் மேல் கொலைப்பழி. வருஷா வருஷம் அது எந்தத் தேதியில் வருகிறது, அந்தத் தேதியில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். பறவை பதினோரு வருஷமும் வந்தது. எர்த் வயர் போட்ட பிறகு ஒருவரும் சாகவில்லை.

அந்த நோட்டு ஒன்பதாகப் பெருகியது. பச்சைக்காலியோடு மற்றதெல்லாம் சேர்ந்தது. கழகத்தில் சேர்ந்தாள். பட்டியல் அனுப்பினாள். 'பம்ப் அக்கா' என்று பெயர் வந்தது. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பம்ப்.

இப்போது அந்தப் பதினோரு வருஷத்தையும் ஒரே கோட்டில் அடித்துவிடப் பார்க்கிறார்கள்.

நூற்றுநாற்பது வளைமூக்கு உள்ளானும் அவள் கண்ணில் அப்படியே இருந்தன. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பறவை. நுனியில் லேசாகக் கீழே வளைந்த மூக்கு. குளிர்காலத்தில் சேற்று நிறம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வசந்தத்தில் கழுத்திலிருந்து வயிறுவரை செங்கல் நிறம் ஏறிவிடும். அன்று வெயில் கரை தாண்டி வந்து விழுந்ததும் குளத்து ஓரம் முழுக்கச் சிவந்துபோய் நின்றது. இரண்டு தடவை எண்ணினாள். பத்துப் பத்தாக, பதினான்கு பத்து. அதைப் போய்ப் புனைவு என்கிறான்.

யார் சொன்னது?

ராத்திரி ஷிப்டில் நிலையத்தில் இருப்பது மூன்று பேர். வாசல் காவலாளி, அவள், அப்புறம் 'வால்வு'. வால்வு என்பது அவளுடைய உதவியாளனுக்கு அவளே வைத்த பெயர். திறந்தால் மூடத் தெரியாது, அவன் வாயும் அப்படி. காவலாளிக்கு வாசலைத் தவிர எதுவும் தெரியாது. அவன் குளத்தைப் பார்த்தே மூன்று வருஷம் ஆகியிருக்கும். மிச்சம் வால்வு.

அடுத்த நாள் பகல் ஷிப்ட். மோட்டார் அறைக்குள் நுழைந்ததும் அவனைக் கவனித்தாள். புதுக் கண்ணாடி போட்டிருந்தான். கறுப்பு ஃபிரேம், முகத்துக்குப் பெரிசு.

"கண்ணாடி நல்லாருக்கே. எங்க வாங்கினே?"

"அந்தக் கண் டாக்டர்கிட்டதான் அக்கா. மீட்டர் நம்பர் தெரியல, எட்டு ஆறு மாதிரி தெரியுதுன்னு போனேன். நல்ல மனுஷன். நிலையத்துல வேலைன்னு சொன்னதும் கூட அரை மணி நேரம் உக்கார வெச்சுப் பேசினாரு."

"என்ன பேசினாரு?"

"உங்களப் பத்தித்தான். உங்க அக்கா பறவை பாக்கறதுல கில்லாடியாமேன்னாரு. ஆமாம் சார்னேன். பன்னெண்டாம் தேதி விடிகாலையில அவங்க எங்க இருந்தாங்கன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இருந்ததச் சொன்னேன். கீழ பம்ப் குழியில என்கூடத்தான் நின்னுட்டு இருந்தாங்கன்னு."

"டேய்!"

"ஏன் அக்கா? தப்பா?"

"காசு வாங்கினியா? கண்ணாடிய சும்மா குடுத்தானா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "முழுப் பணம் குடுத்துத்தான் வாங்கினேன். பில்லு இருக்கு. காட்டட்டா? நீங்களே யோசிச்சுப் பாருங்க அக்கா. பன்னெண்டாம் தேதி விடிகாலையில மூணாம் பம்ப்புல கிளாண்ட் போயி தண்ணி பீச்சி அடிச்சுது. நீங்க ஸ்பானர் புடிச்சீங்க, நான் டார்ச் புடிச்சேன். ஆறு மணிக்கு மேலதான் ரெண்டு பேரும் ஏறி வந்தோம். தலையிலேர்ந்து கால்வரைக்கும் நனைஞ்சு போயி, வாசல்ல காவக்காரன் மூக்கப் புடிச்சான். ஞாபகம் இல்லயா?"

ஞாபகம் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஸ்பானர் நழுவிப் புறங்கையில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. தேதி பன்னிரண்டு. அதில் சந்தேகமில்லை. அன்று காலை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நேராக வங்கிக்குப் போனாள், வங்கிச் சீட்டில் தேதி இருக்கிறது.

அப்படியென்றால் சிவப்பாக நின்ற நூற்றுநாற்பதை எப்போது பார்த்தாள்?

ஒரே காலை 5.50க்கு ஒரு மனுஷி குழிக்குள்ளும் இருந்து கரையிலும் இருக்க முடியாது. இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் தோன்றியவர்களின் கதைகளை யாராவது சொன்னால் சிரிக்கிறவள் அவள். இப்போது அவளே அந்தக் கதையாகிவிட்டாள். முதல்முறையாக அவள் சந்தேகம் திரும்பி அவள் மேலேயே பாய்ந்தது. இல்லாததைப் பார்த்தேனா? கனவா? இருபத்திரண்டு வருஷ ராத்திரி ஷிப்ட் மூளையைத் தின்றுவிட்டதா?

"லாக் புக்கக் கொண்டா" என்றாள்.

நிலையத்தின் லாக் புக் நீளமான நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். தலையில் தேதி, கீழே மணிவாரியாக மீட்டர் அளவுகள், ஓரத்தில் குறிப்புகள். பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைத் திறந்தாள். கிளாண்ட் போன விஷயம் அதில் இல்லை. ஒரு வரிகூட இல்லை.

"எழுதலயா நீ?"

"நான் எழுதினேன் அக்கா, நீங்க சொல்லச் சொல்லத்தான் எழுதினேன்."

ஒரு பக்கம் முன்னே புரட்டினாள். பதினோராம் தேதி. பக்கத்தின் அடியில், கடைசி வரியில், வால்வின் கோணல் எழுத்து: "5.30. மூணாம் பம்ப் கிளாண்ட் பழுது."

அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது. பிறகு மெல்ல மேலே ஏறி, பக்கத்தின் முதல் வரிக்குப் போனது. காலை 6.00. மறுபடி கீழே இறங்கியது. விடிகாலை 5.30.

நிலையத்தில் நாள் பன்னிரண்டு மணிக்கு மாறாது. காலை ஆறு மணிக்கு மொத்த மீட்டரைப் படிப்பார்கள், ஆய்வுக்கூடத்துக்குச் சாம்பிள் போகும், ஷிப்ட் மாறும், பக்கம் திரும்பும். காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறுவரை ஒரே தேதி. இது யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்தது இல்லை, அங்கே சேர்ந்த நாளிலிருந்து எல்லாரும் லாக் புக்கில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஐந்தரை அளவை எழுதிவிட்டு, பக்கத்தின் தலையில் இருக்கிற தேதியை அப்படியே பறவை நோட்டில் எழுதிக்கொண்டு, அவள் கரைக்கு நடப்பாள். பதினோரு வருஷமாக.

நூற்றுநாற்பது வந்து இறங்கியது பதிமூன்றாம் தேதி.

"அக்கா, என்னாச்சு? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே."

"ஒண்ணுமில்ல. நீ சொன்னது நெசம்தான்" என்றாள். பிறகு, சொல்ல வேண்டியது பாக்கி இருந்ததால், அதையும் சொன்னாள்: "கண்ணாடியப் போட்டுக்கோ. நான் கேட்டது தப்பு."

அன்று சாயங்காலம் ஒன்பது நோட்டுகளையும் தரையில் பரப்பினாள். பகல் ஷிப்டில் பார்த்தவை சரி. ராத்திரி ஷிப்ட் முடிகிற விடியலில் பார்த்தவை மட்டும் ஒரு நாள் முந்திக் கிடந்தன. எண்ணினாள். இருநூற்றுப் பதினான்கு.

கணவன் தேநீரைக் கொண்டுவந்து நோட்டுகளுக்கு நடுவில் வைக்க இடம் தேடினான். விஷயத்தைக் கேட்டு முடித்ததும், "இதுல என்ன ஆச்சரியம்? ராத்திரி வேல பாத்துட்டு வந்தா நீ தூங்கி எழுந்தாத்தான் உனக்கு அடுத்த நாளு" என்றான். "நேத்து வாங்கின பாலுன்னு அன்னைக்கு வாங்கின பால எத்தன தடவ கீழ ஊத்தப் பாத்திருக்க!"

"அத ஏன் முன்னாடியே சொல்லல?"

"பாலுக்கும் உள்ளானுக்கும் முடிச்சு இருக்குன்னு எனக்குத் தெரியுமா?" சற்று யோசித்தான். "சரி விடு. ஞாயித்துக்கிழம போயி, பன்னெண்டு இல்ல பதிமூணு, எழுதறப்ப தவறிப்போச்சுன்னு சொல்லு. முடிஞ்சது. அந்த ஒண்ண மட்டும் திருத்து. மத்த இருநூத்துச் சொச்சம் யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் இன்னொரு தாளை எடுத்துக் காட்டினாள். கழகம் கூடுகிற அறையில் ஒரு பலகை இருக்கிறது. 'முதல் வரவு.' ஒவ்வொரு வசந்தத்திலும் எந்தப் பறவையை யார் முதலில் பார்த்தார் என்று பெயர் எழுதுவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன விஷயம். கழகத்துக்குள் அதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. அந்தப் பலகையில் நாலு வசந்தங்களில் பச்சைக்காலிக்கு நேரே அவள் பெயர். நாலிலும் இரண்டாவது பெயர் கண் டாக்டர். நாலிலும் ஒரே தேதி. அவர் காலை ஏழு, ஏழரை. அவள் ஐந்து ஐம்பது.

"அந்த மனுஷன் இடத்துலேர்ந்து யோசிச்சுப் பாருங்க" என்றாள். "ஒவ்வொரு தடவையும் அவர் பாத்துட்டு வந்து எழுதறாரு. நான் அதே தேதியப் போட்டு ஒண்ணர மணி நேரம் முந்திப் பாத்தேன்னு எழுதி அனுப்பறேன். எனக்கே சந்தேகம் வரும். நெசமாப் பாத்தா நான் அவருக்கு அடுத்த நாள் பாத்திருக்கேன்."

"அதனால?"

"அதனால நாலும் அவரோடது."

"உன்ன திருடின்னு எழுதினவனுக்கு நாலு மெடல் குத்திவிடப் போறியா?"

"தேதி தப்புன்னா தப்பு. எனக்கு வேண்டியதத் திருத்திக்கிட்டு வேண்டாதத மறைச்சா, அப்புறம் நான் எழுதினதெல்லாம் புனைவுதான். அவன் சொன்னது சரியாயிடும்."

வால்வு சொன்னதைப் போலவே இதையும் அவள் எளிதில் நம்பிவிடவில்லை. தன் விளக்கத்தையே சந்தேகப்பட்டாள். தப்பிக்கக் கிடைத்த சாக்கை மூளை உண்மை என்று காட்டாதா? அதற்கு ஒரு வழிதான் உண்டு. கழகத்து மாத இதழ்களில் மற்றவர்களின் பதிவுகள் இருந்தன. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, தன் கூட்டங்களை அடுத்த ஏரியில் வேறு யாராவது பார்த்திருக்கிறார்களா என்று சனிக்கிழமை பூராவும் தேடினாள். சோறு ஆறிப்போனது. முடிவு கிடைத்தபோது அதை ஒரு தாளில் எழுதினாள், யாருக்கும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை. கழகம் ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் கூடத்தில் கூடும். கண்ணாடிக் குடுவைகளுக்கும் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்கும் நடுவே மேஜை. செயலாளர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், இன்னும் யாராவது பெஞ்சில் சாய்ந்தால் முறைப்பார். அவர் வலப்பக்கம் கண் டாக்டர், கையில் விலை உயர்ந்த தொலைநோக்கி. கூட்டத்துக்கு எதற்குத் தொலைநோக்கி என்று யாரும் கேட்டதில்லை. இடப்பக்கம் கணக்கு வாத்தியார். ஏரிப் பக்கம் குடியிருக்கிறவர், அதிகம் பேசமாட்டார். பெஞ்சுகளில் மற்ற உறுப்பினர்கள்.

அவளுக்கு நாற்காலி போட்டிருந்த இடம் மேஜைக்கு எதிரே, தனியாக. அவள் நாற்காலியைத் தூக்கி மேஜைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

டாக்டர்தான் ஆரம்பித்தார். "நான் யார் மேலயும் பழி போடற ஆள் இல்லீங்க. பன்னெண்டாம் தேதி ஐஞ்சரையிலேர்ந்து எட்டு வரைக்கும் வெளிக்கரையில நின்னேன். நாலாம் குளம் எனக்கு நேரா எதிர்ல. மூணே மூணு பொரி உள்ளான். இப்ப நீங்க சொல்லுங்க. என் கண்ணு சரியில்லயா?"

"உங்க கண்ணு ரொம்பச் சரி டாக்டர்" என்றாள். "அன்னைக்கு அங்க ஒண்ணும் இல்ல. நானும் இல்ல."

பெஞ்சுகளில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். செயலாளர் பேனாவை எடுத்தார். "அப்ப ஒத்துக்கறீங்க."

"தேதி தப்பு. அத ஒத்துக்கறேன்." லாக் புக் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து வந்திருந்தாள். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. ஆறிலிருந்து ஆறுவரை நாள் என்பதை விளக்கினாள். பிறகு ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். ஒன்று இல்லை, இருநூற்றுப் பதினான்கு.

செயலாளரின் பேனா நின்றுபோனது. டாக்டர் சிரித்தார். "மாட்டிக்கிட்டதும் கதை எவ்வளவு அழகா வருது பாருங்க. ஒரு தப்புக்கு இருநூறு தப்பு காவல்."

"நம்பாதீங்க" என்றாள். "நம்பணும்னு நான் கேக்கவே இல்ல. சோதிச்சுப் பாருங்க. என் பட்டியல் இந்தாங்க. வாத்தியாரே, உங்க நோட்டு கொண்டு வந்திருக்கீங்களா?"

கணக்கு வாத்தியார் பையைத் தட்டினார். நோட்டு இல்லாமல் அவர் கடைக்குக்கூடப் போவதில்லை.

"என் குளத்துலேர்ந்து வடக்கே கிளம்பற கூட்டம் அடுத்து எறங்கறது உங்க ஏரியில. நீங்களே உங்களுக்கு ஞாபகம் இருக்கற பெரிய கூட்டமாப் பன்னெண்டு எடுங்க. நான் பாக்கல. என் பழைய தேதியோட ஒத்துப் பாருங்க, அப்புறம் திருத்தின தேதியோட ஒத்துப் பாருங்க. நான் கதை கட்டியிருந்தா அது உங்க நோட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்க முடியாது இல்லயா?"

வாத்தியாருக்கு உயிர் வந்தது. கணக்கு என்றால் அவருக்கு வயசு இருபது குறைந்துவிடும். மேஜையின் ஒரு மூலைக்கு நகர்ந்து, கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதினார். கால் மணி நேரம் எலும்புக்கூடு உட்பட யாரும் அசையவில்லை. டாக்டர் மட்டும் தொலைநோக்கியின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"பழைய தேதியில பன்னெண்டுல ரெண்டு ஒத்துப் போகுது" என்றார் வாத்தியார்.

டாக்டர் கைகளை விரித்தார்.

"திருத்தின தேதியில பத்து. பதிமூணாம் தேதி காலையில ஏழரைக்கு என் ஏரியில வளைமூக்கு உள்ளான் நூத்து முப்பத்தெட்டு எழுதியிருக்கேன். எல்லாம் சிவப்பு."

"பத்துதானே?" என்றார் டாக்டர். "மீதி ரெண்டு?"

"மீதி ரெண்டு கூட்டமும் எங்கிட்டச் சொல்லிட்டுப் போகல டாக்டர். போற வழியில வேற எங்கயாவது சாப்பிட்டிருக்கும்" என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் தன் தாளைப் பிரித்து வாத்தியாரிடம் நீட்டினாள். "நேத்து நானும் இதழ்கள வெச்சு ஒத்துப் பாத்தேன். முப்பத்தொண்ணுல இருபத்தாறு. நீங்க போட்டது என்னோடதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. பலகையில இருக்கற நாலு பச்சைக்காலியும் டாக்டரோடது. அதயும் எழுதியிருக்கேன்."

செயலாளர் முகம் மலர்ந்தது. எழுந்து, பலகைக்குப் போய், நாலு இடத்தில் அவள் பெயரை ஈரத்துணியால் துடைத்து டாக்டரின் பெயரை எழுதினார். அதில் ஒரு நிமிஷத் தாமதமும் இல்லை. டாக்டர் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் முன்புவரை அவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையும் நம்பாதவர்கள், தங்களுக்கு லாபமான சொல் வந்ததும் சாட்சி கேட்கவில்லை.

"சரி, பிரச்சன தீர்ந்தது" என்றார் செயலாளர் கையைத் தட்டிக்கொண்டே. "உங்க பதிவுகள நீக்கல. தேதி மாத்திக்கலாம். இனிமே ஜாக்கிரதையா எழுதுங்க. அடுத்த விஷயத்துக்குப் போகலாமா?"

"தீரல" என்றாள் அவள்.

"இன்னும் என்னம்மா?"

"கூட்டக் குறிப்பு நோட்டுல போன வாரம் என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

செயலாளர் தயங்கினார். "அதெல்லாம் உள்விஷயம். யாரு படிக்கப் போறாங்க?"

"நான் படிக்கிறேன்." நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "'பம்ப் ஆபரேட்டரின் பதிவுகள் புனைவு.' இப்படி எழுதறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டீங்களா? என் உதவியாளன உக்கார வெச்சுக் கேட்டீங்க. என்னக் கேக்கல. இதழ்ல போன வருஷம் டாக்டர் ஜூன் முப்பத்தொண்ணுல ஆலா பாத்ததா வந்துச்சு. ஜூன்ல முப்பத்தொண்ணு எங்க இருக்கு? அதுக்கு அடுத்த மாசம் நீங்க போட்ட திருத்தம் ஞாபகம் இருக்கா?"

கணக்கு வாத்தியார் தலை நிமிராமல் சொன்னார்: "'கைத்தவறு.'"

"அவருக்குக் கைத்தவறு. எனக்குப் புனைவு. ரெண்டும் தேதிதான். அவர் கை தவறும், என் கை பொய் சொல்லுமா? எதனால அப்படித் தோணுச்சுன்னு வாய் திறந்து சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அது வாய்விட்டுச் சொல்லக்கூடிய காரணம் இல்லை. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே எந்தப் பறவையும் இல்லாத மரத்தைக் கவனமாகப் பார்த்தார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று அவளும் காத்திருக்கவில்லை.

"என்ன செய்யணும்கறீங்க?" என்றார் செயலாளர் கடைசியில்.

"அந்தச் சொல்ல அடிச்சு, மேல 'தேதிப் பிழை'ன்னு எழுதி, கையெழுத்துப் போடுங்க. அடிச்சது தெரியணும். கிழிச்சுட்டு வேற தாள் ஒட்டாதீங்க."

"ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு நேரம்?"

"பதினோரு வருஷம் சார். நீங்க அத ஒரு சொல்லுலதான் அடிக்கப் பாத்தீங்க."

செயலாளர் அடித்தார். மேலே எழுதினார். கையெழுத்துப் போட்டார். அவள் நோட்டை வாங்கிப் படித்தாள், பக்கத்தைப் புரட்டிப் பின்புறமும் பார்த்தாள். பிறகு, "இதோட நகல் யாருக்காவது அனுப்பியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். "மாவட்டத் தலைமைக்கு ஒண்ணு."

"அதுலயும் திருத்திட்டு எனக்கு ஒண்ணு அனுப்புங்க. வர்ற வரைக்கும் என் பட்டியல் வராது."

"அது எப்படிங்க?" கணக்கு வாத்தியார் பதறிவிட்டார். "இன்னும் பத்து நாள்ல வலசை முடிஞ்சிடும். உங்க குளத்து எண்ணிக்கை இல்லேன்னா என் ஏரிக் கணக்கு பாதியில நிக்கும்."

"எழுதறத நிறுத்த மாட்டேன் வாத்தியாரே. அனுப்பறதத்தான் நிறுத்தறேன். சந்தேகம் இருக்கறவங்க நேர்ல வந்து எண்ணிட்டுப் போகட்டும். இந்த வாரம் பூரா எனக்கு ராத்திரி ஷிப்ட். யாரு வர்றீங்க? பேரச் சொல்லுங்க, வாசல்ல எழுதிக் குடுக்கணும்."

டாக்டர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. பின்வரிசையில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. கணக்கு வாத்தியார் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிக் கையைத் தூக்கினார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உண்மையாகத்தான் வருகிறாரா, வேவு பார்க்க அனுப்புகிறார்களா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை முகத்தில் மறைக்கவும் இல்லை.

"ஐஞ்சே முக்காலுக்கு வாசல்ல இருங்க" என்றாள். "சேத்துல நடக்கற செருப்பு போட்டுக்குங்க. எண்ணும்போது பேசக் கூடாது. நீங்க ஒரு தாள்ல எழுதுங்க, நான் ஒரு தாள்ல எழுதறேன். முடிஞ்சப்புறம் மாத்திப் பாப்போம்."